ஒடுக்கு எடுத்த கிண்ணம்

அத்தியாயம் 14

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே குளியலறையைப் பயன்படுத்திக்கொண்டு, கூடப் பிறந்த தங்கையிடம் பதினோரு நாள் பேசாமல் இருப்பதென்றால் சும்மா இல்லை. அதற்குத் தனித் திறமை வேண்டும். பெயின்டருக்கு அது இருந்தது. சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூட மின்விசிறியைப் பார்த்து, "யாராவது அந்த உப்பை எடுங்கப்பா" என்றார். உப்பு வந்தது. கொண்டுவந்து வைத்த கை யாருடையது என்று பார்க்காமலே போட்டுக்கொண்டார்.

கோபத்தின் காரணம் போன வாரமே தெரிந்ததுதான். கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கும் தங்கைக்கு, எட்டு மணி நேரம் பஸ்ஸில் போகவேண்டிய ஊரில், பெரிய ஆஸ்பத்திரியில், ஸ்கேன் பிரிவையே பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்துவிட்டது. கிடைத்தது குற்றமில்லை. விண்ணப்பம் போட்டு, நேர்காணலுக்குப் போய், ஆர்டரும் கைக்கு வந்த பிறகு அண்ணனிடம் சொன்னாள் பாருங்கள், அதுதான் குற்றம்.

அப்பா அம்மா இருவரும் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது, இவருக்குப் பத்தொன்பது. நசுங்கிய கார்களுக்கு ஒடுக்கு எடுத்து, பட்டி பூசி, பெயின்ட் அடிக்கும் ஷெட்டில் எமரி பேப்பர் தேய்த்தே அவளைப் படிக்கவைத்தார். "ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டாளா?" என்று மனைவியிடம் முந்நூறு தடவையாவது கேட்டிருப்பார். மனைவி ரயிலில் டிக்கெட் பரிசோதகர். ஒரே பதிலை ஆயிரம் பேருக்குச் சொல்லிப் பழகியவள். "அதை அவகிட்டயே கேளுங்க" என்றாள், முந்நூறு தடவையும்.

வியாழக்கிழமை டியூட்டிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று மறுபடியும் சொன்னாள். "நான் திங்கக்கிழமை காலையிலதான் வருவேன். அதுக்குள்ள அவ போயிடுவா. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காம பேசி அனுப்புங்க."

இன்று ஞாயிற்றுக்கிழமை. மாலை நாலு மணிக்குப் பஸ்.

பெயின்டருக்கு விடியும்போதே விழிப்பு வந்துவிட்டது. பேசவேண்டும் என்றுதான் அவருக்கும் இருந்தது. பதினோரு நாள் ஊமையாக இருந்த வாயை எந்த வார்த்தையில் திறப்பது என்றுதான் தெரியவில்லை. கூடத்தில் இப்படியும் அப்படியும் நடந்தவர் ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

ஜன்னலோரம் பழைய பேப்பர் விரித்து, மகள்கள் இருவரும் செய்த களிமண் சாமான்கள் வரிசையாக நின்றன. அடுப்பு வேண்டாம், சூளை வேண்டாம், காற்றிலேயே காய்ந்துவிடும் வெள்ளைக் களிமண். ஒரு நத்தை, ஐந்து காலுள்ள ஒரு நாய் (ஐந்தாவது வால் என்று பிறகுதான் சொன்னார்கள்), சாவி மாட்டும் பலகை ஒன்று. நடுவில் ஒரு கிண்ணம். அது அத்தைக்கு என்று புதன்கிழமையே வீட்டில் அறிவித்தாகிவிட்டது.

பெயின்டர் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். அடடா என்றது அவர் மனசு. சுற்றிலும் ஒடுக்கு. பெரிசும் சிறிசுமாக, எங்கேயோ போய் இடித்துக்கொண்டு வந்த வண்டி மாதிரி இருந்தது.

ரோட்டில் நிற்கும் கார்களில்கூட ஒடுக்கு எங்கே என்று தேடும் கண் அது. சும்மா விடுமா? புது ஊரில் தங்கை இதை மேசையில் வைப்பாள். நாலு பேர் வந்து, "என்னம்மா இது, நசுங்கிப் போயிருக்கு?" என்று கேட்பார்கள். அவள் முகம் சுருங்கும். கூடாது. பேச வராவிட்டால் என்ன, ஒடுக்கு எடுக்க வருமே!

அப்புறம் நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. பின்கட்டில் பையைப் பிரித்தார். பட்டியில் இறுகவைக்கும் ஹார்ட்னர் கலந்து, ஒவ்வொரு பள்ளத்திலும் தகடு வைத்து வழித்து நிரப்பினார். இருபது நிமிஷத்தில் அது இறுகியது. எமரி பேப்பரால் தேய்த்தார். பிரைமர் ஒரு கோட்டு. அதன்மேல், போன மாதம் ஒரு டாக்டரின் காருக்குக் கலக்கி மிச்சமிருந்த செர்ரிச் சிவப்பு. எட்டரை மணிக்கெல்லாம் கிண்ணம் ஷோரூமிலிருந்து இறங்கியது போல மின்னியது.

இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் குளித்து, தலை வாரி, பேப்பரை விரித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். இனி தங்கை வருவாள், பார்ப்பாள், "அண்ணா, நீயா செஞ்ச?" என்பாள். இவர் "ம்" என்பார். அந்த "ம்"மை மனசுக்குள் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்து, அதிகம் குழையாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தும் வைத்துவிட்டார்.

ஒன்பது மணிக்குத் தங்கையும் மகள்களுமாக மூவரும் வந்தார்கள். பெரியவளுக்கு வயது ஒன்பது. எதையெடுத்தாலும் வாதம் செய்வதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பேர். சின்னவளுக்கு ஐந்து, பொடிசு. அத்தை பழைய போர்வையைத் தரையில் விரித்தாள். பாட்டில் மூடிகளில் பெயின்ட் ஊற்றினாள். ஒரு மக்கில் தண்ணீர் வைத்தாள்.

"முதல்ல வெள்ளை ஒரு கோட்டு" என்றாள் வக்கீல். "அது காயறதுக்குள்ள வேற கலர் வச்சா எல்லாம் சேறாயிடும். பொடிசு, உன்கிட்டதான் சொல்றேன்."

"என் நத்தைக்குச் சேறு பிடிக்கும்" என்றாள் பொடிசு, பச்சையில் பிரஷ்ஷை முக்கியபடி.

"வாயைப் பாரு!" அத்தை சிரித்தாள். "சரி, கிண்ணத்தை எடுத்துட்டு வா. பஸ் வர்றதுக்குள்ள காயணும்ல?"

வக்கீல் ஜன்னலுக்குப் போனாள். பேப்பருக்குப் பின்னால் பெயின்டரின் காது விடைத்தது.

"அத்தை, கிண்ணத்தைக் காணோம்."

"அங்கதானே இருந்துச்சு?"

"இங்க வேற ஒண்ணு இருக்கு. கடையில வாங்கினது மாதிரி."

ஆஹா! பெயின்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். வக்கீல் அதைக் கையில் எடுத்தாள், திருப்பினாள், அடியைப் பார்த்தாள். அடியில் அவள் ஆணியால் கீறிய பெயர் அப்படியே இருந்தது. விரலால் சுற்றித் தடவினாள். அவள் முகம் மாறியது.

"விரல் எங்க?" என்றாள்.

பேப்பர் இறங்கியது. "என்ன விரல்?"

"எங்க கட்டைவிரல்! மண்ணு ஈரமா இருக்கறப்ப ஒவ்வொருத்தரா அமுக்கி வச்சோம். நான், பொடிசு, அத்தை, அம்மா! அத்தைக்கு அந்த ஊர்ல எங்க ஞாபகம் வந்தா அந்தப் பள்ளத்துல விரலை வச்சுப் பாக்கணும்னு!"

பெயின்டர் பேப்பரை மடித்தார். "நான்… ஒடுக்குன்னு நினைச்சேன்."

"உங்க விரலும் அதுல இருந்துச்சு!"

"என்னோடதா? நான் எங்க வச்சேன்?"

வக்கீல் வாயை மூடிக்கொண்டாள். அத்தை பிரஷ்ஷை உற்றுப் பார்த்தாள். பொடிசுக்கு மட்டும் ரகசியம் என்பது வயிற்றில் தங்காத வஸ்து.

"நீங்க சோபால தூங்கினீங்கல்ல, புதன்கிழமை? அப்ப வச்சோம். அக்கா உங்க கையைப் பிடிச்சா, அத்தை கிண்ணத்தைப் பிடிச்சாங்க. நீங்க கொர்ர்ருனு இருந்தீங்க. நான் காவல்."

பெயின்டர் தங்கையைப் பார்த்தார். பதினோரு நாளில் முதல் தடவையாக நேராகப் பார்த்தார். கேட்டால் கிடைக்காது என்று, தூங்கும்போது திருடியாவது அவர் விரலைக் கொண்டுபோக நினைத்திருக்கிறாள்.

"பரவாயில்ல விடு" என்றாள் அவள், வக்கீலிடம்தான். "அழகாத்தானே இருக்கு? பளபளன்னு." கண் மட்டும் தளும்பி நின்றது.

"அழகா இருந்து என்ன பண்றது?" என்றாள் வக்கீல். "நம்ம விரலை மறுபடி வைக்கலாம். அம்மாவோடது? அம்மா நாளைக்குத்தான் வருவா. அத்தை இன்னிக்கே போறாங்க. அப்பாவோடதுக்கு எங்க போறது? இப்ப போய்த் தூங்குவாரா?"

வாதத்தில் ஓட்டை இல்லை. "இரு, இரு" என்று எழுந்தார் பெயின்டர். "போட்டவனுக்கு எடுக்கத் தெரியாதா?"

தெரியாதுதான். பட்டி என்பது இரும்புத் தகட்டைப் பிடித்துக்கொள்வதற்காக வந்த சரக்கு, இறுகினால் கல். இந்த மண்ணோ வெறும் காற்றில் காய்ந்தது. எது முதலில் போகும் என்று ஷெட்டில் நேற்றுச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரியும். தெரிந்தும் ஆவல் யாரை விட்டது? தகட்டை ஓரத்தில் கொடுத்து மெல்லத் தட்டினார். 'டப்' என்று கிண்ணம் நாலாகப் பிளந்தது.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு ஆனதைக் கேட்டிருக்கிறோம். குரங்கையும் போட்டு உடைத்தவரை இப்போதுதான் பார்க்கிறோம். வக்கீல் ஓவென்று அழுதபடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அத்தை அவள் பின்னாலேயே போனாள். பெயின்டர் பின்கட்டுக்குப் போய் மனைவிக்குப் போன் போட்டார்.

"பேசிட்டீங்களா?" என்றாள் எடுத்த எடுப்பிலேயே. பின்னால் ரயில் தடதடத்தது.

"இல்ல. உன் கட்டைவிரலை உடைச்சுட்டேன்."

"என்னது?"

சொன்னார். மறுமுனையில் ரயில் பெட்டியே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சிரிப்பு வந்தது. "ஒடுக்கு எடுத்துட்டீங்களா? ஐயோ, என் ராசா!"

"சிரிக்காதடி. பிள்ளை அழுதுட்டு இருக்கா."

"சரி, சிரிக்கல. எதுக்குப் பட்டி போட்டீங்க?"

"அவளை யாரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாதேன்னுதான்."

"அதை அவகிட்ட சொன்னீங்களா?"

பெயின்டர் தரையில் கிடந்த பட்டித் தூளைக் காலால் தள்ளினார்.

"டிக்கெட் இல்லாம ஏறினவன்கூட என்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுவான். நீங்க அதுக்கும் கீழ. முதல்ல போய்ப் பேசுங்க." போன் வைக்கப்பட்டது.

அவர் திரும்பியபோது பொடிசு பின்கட்டில் வாளி முன்னால் குந்தியிருந்தாள். உடைந்த துண்டுகள் எல்லாம் வாளித் தண்ணீருக்குள் போயாகிவிட்டன.

"என்ன பண்ற?"

"அடிபட்டா முதல்ல தண்ணியில கழுவணும்னு அத்தை சொல்லியிருக்காங்க."

"ஐயோ, அது கரைஞ்சு போயிடுமேடி!" என்று வாளியைப் பிடுங்கப் போனவர் கையை இழுத்துக்கொண்டார். இனி கரைந்தால் என்ன, கரையாவிட்டால் என்ன? அவரும் பக்கத்தில் குந்திக்கொண்டார். வெடிப்பு வழியே தண்ணீர் புகுந்து, மண் பொங்கிப் பொங்கி உதிர்ந்தது. சிவப்புப் பெயின்ட் தோல் தோலாக மேலே வந்தது. தங்கையிடம் போய் என்ன சொல்வது என்று யோசித்தபடியே அரை மணி நேரம் போய்விட்டது.

பொடிசு சேற்றில் கைவிட்டுத் துழாவினாள். எதையோ பிடித்துத் தூக்கினாள்.

"அப்பா! விரல் முளைச்சிருக்கு!"

வாங்கிப் பார்த்தார். அவர் போட்ட பட்டிதான். மண் முழுக்கக் கழன்றுபோய்ப் பட்டி மட்டும் நின்றது, ஒரு கட்டைவிரல் நுனியாக. உருண்டையாக, ரேகை ரேகையாக. நடுவில் குறுக்கே ஒரு கோடு. ரயில் கதவு நசுக்கியதில் மனைவியின் விரலில் விழுந்த அதே தழும்பு.

அவருக்குச் சட்டென்று பொறி தட்டியது. பள்ளத்தில் போட்ட பட்டி, பள்ளத்தை அப்படியே அச்சு எடுத்துவிட்டது! இதைப் புது மண்ணில் அமுக்கினால் அதே விரல், அதே பள்ளம்.

"ஏய்!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினார். "அந்த மிச்ச மண்ணு எங்க வச்சிருக்க? கொண்டா சீக்கிரம்!"

பதினோரு நாளுக்குப் பிறகு தங்கையிடம் பேசிய முதல் வார்த்தை "ஏய்" என்பதை அவர் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள்.

"ஃபிரிட்ஜ் மேல, கவர்ல கட்டி வச்சிருக்கேன்ணா" என்றாள். அதைச் சொல்லும்போதே குரல் உடைந்தது.

மணி பன்னிரண்டு. அவசரத்தில் அண்டாவுக்குள்கூடக் கை போகாது என்பார்கள். அன்றைக்கு எட்டுக் கைகள் ஒரு கிண்ணத்துக்குள் போயின. அறையிலிருந்து வெளியே வந்த வக்கீல் மூக்கை உறிஞ்சியபடியே மேற்பார்வையை எடுத்துக்கொண்டாள். மண்ணைக் கயிறாக உருட்டவேண்டும். வட்டமாக அடுக்கவேண்டும். ஒட்டும் இடத்தில் முள்கரண்டியால் கீறி, குழைத்த மண்ணைத் தடவவேண்டும்.

"அப்பா, ரொம்பத் தேய்க்காதீங்க! கார் இல்ல இது. கை பட்டது தெரியணும்."

"சரிங்க மேடம்" என்றார் பெயின்டர்.

கிண்ணம் நின்றது. வக்கீல் அமுக்கினாள், பொடிசு அமுக்கினாள், அத்தை அமுக்கினாள். அம்மாவின் பட்டி விரலை அத்தையே பதித்தாள். எடுத்தபோது தழும்புக் கோடு உட்பட அப்படியே இருந்தது. பொடிசு கைதட்டினாள்.

வக்கீல் இன்னொரு அச்சை அப்பாவிடம் நீட்டினாள். பெரிய விரல். ரேகையே இல்லாமல் மொழுமொழுவென்று இருந்தது. இருபது வருஷம் எமரி பேப்பர் தேய்த்ததில் ரேகை போயே போய்விட்டது. ஷெட்டில் வருகைப் பதிவு மெஷின்கூட அவரைத் தெரியாது என்றுதான் சொல்லும்.

"இது உங்களோடது. அமுக்குங்க."

வாங்கினார். தங்கை கையை நீட்டி அதைத் தடுத்தாள்.

"அது வேணாம்ணா. தூங்கறப்ப திருடினது அது."

"அப்புறம்?"

"இப்ப முழிச்சுத்தானே இருக்க? வை."

பெயின்டர் கட்டைவிரலைத் தூக்கினார். கிண்ணத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கை அங்கேயே நின்றது.

"வைக்கிறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

தங்கை பொய் சொல்லவில்லை. "கேட்டா போகாதேன்னு சொல்லுவ. நீ சொல்லிட்டா என்னால போக முடியாது. உன்னை மதிக்காம இல்லண்ணா. உன் பேச்சைத் தட்ட முடியாதுன்னுதான் கேக்கல."

இல்லை என்று மறுக்க பெயின்டருக்கு ஆசைதான்.

"ஆமா. போகாதேன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். "எனக்குப் பயமா இருக்கும்மா. நீ இல்லாம இந்த வீடு எப்படி இருக்கும்னே தெரியல. காலையில எதுக்குப் பட்டி போட்டேன் தெரியுமா? அங்க யாரும் உன்னைப் பாத்து, என்ன இது நசுங்கின கிண்ணம்னு கேட்டுடக் கூடாது. அதுக்குத்தான். எனக்கு வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

தங்கை புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். முகமெல்லாம் மண்ணாயிற்று.

"போயிட்டு வா" என்றார் அவர். "மனசாரத்தான் சொல்றேன். நல்லா இரு." சொல்லிவிட்டுக் கட்டைவிரலை அமுக்கினார். பதினோரு நாளையும் சேர்த்து அமுக்கினார்.

"அப்பா, போதும்! ஓட்டை விழுந்துடும்!" என்று அலறினாள் வக்கீல்.

அவர் கை கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு, ஷெட் முதலாளியின் வண்டியைக் கேட்டு வாங்கி வரப் போனார். திரும்பி வந்தபோது கிண்ணம் மூடி இல்லாத டப்பாவில், துணியின்மேல் உட்கார்ந்து தயாராக இருந்தது.

பஸ் நிலையத்தில் தங்கைக்கு ஜன்னலோர இடம். டப்பா அவள் மடியில் இருந்தது. கீழே நின்றுகொண்டு வக்கீல் உத்தரவுகளை அடுக்கினாள். "வெயில்ல வைக்காதீங்க. ஃபேனுக்கு நேரா வைக்காதீங்க, வெடிச்சிடும். நாளைக்குக் காலையில கவுத்து வைங்க. பெயின்ட் மட்டும் நீங்க அடிக்கவே கூடாது. நாங்க வந்துதான் அடிப்போம்."

"எப்ப வருவீங்க?"

மூன்று பேரும் பெயின்டரைப் பார்த்தார்கள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை" என்றார். "உங்கண்ணிக்கும் லீவு போடச் சொல்றேன். செர்ரிச் சிவப்பு இன்னும் அரை டின் இருக்கு."

"வேண்டவே வேண்டாம்!" என்று மூன்று குரல்கள் ஒன்றாக வந்தன. தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெயின்டரும் சிரித்தார். பதினோரு நாளைக்குப் பிறகு அவர் சிரித்ததில் தாடையே வலித்தது.

பஸ் புறப்பட்டது. தங்கை கிண்ணத்தை இரண்டு கையாலும் ஜன்னலுக்கு உயர்த்தி, அவரவர் விரல் அவரவருக்குத் தெரியும்படி மெல்லச் சுற்றிக் காட்டினாள். பொடிசு துள்ளித் துள்ளிக் கையாட்டினாள். பெயின்டரும் ஆட்டினார். ஆட்டினாலும் கண் பழக்கதோஷத்தில் ஒடுக்கை எண்ணியது.

ஆறு.

மறுபடியும் எண்ணுவதற்குள் பஸ் வளைவில் திரும்பிவிட்டது. அவர், மனைவி, மகள்கள் இரண்டு, தங்கை. எப்படிக் கூட்டினாலும் ஐந்துதான் வந்தது. வக்கீலைப் பார்த்தார். அவள் எதிரே இருந்த பஸ் நேர அட்டவணையை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

பெயின்டர் பொடிசுக்கு முன்னால் மண்டியிட்டார். "ஆறாவது விரல் யாரோடது?"

பொடிசு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "அத்தை சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"சொல்ல வேணாம். பெரிய விரலா, சின்ன விரலா?"

பொடிசு யோசித்தாள். அளவைச் சொல்லக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

"பெரிசு."

"ம்."

"முதல்ல வச்சதை நீங்க உடைச்சீங்கல்ல, அதுவும் வாளியில முளைச்சிருந்துச்சு. நீங்க வண்டி எடுக்கப் போனப்ப அத்தை அதையும் அமுக்கிட்டாங்க." கையை லேசாக விலக்கி, அப்பாவின் காதருகே வந்தாள். அவர் முகத்தைப் பார்த்துப் பாவமாக இருந்ததோ என்னவோ, ஆறுதலாகவே சொன்னாள்.

"அந்த மாமா ரொம்ப நல்லவங்கப்பா. நாங்க அவங்க கையைப் பிடிக்கவே இல்ல. முழிச்சிருந்து, அவங்களேதான் வச்சாங்க."